‘பார்த்துக்கோ’ என்றால் என்ன பொருள்?

கேள்வி இதுதான்: “எம்.பி.ஏ. இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு ‘நிறுவனப் பண்பாடும் நீடித்த வளர்ச்சியும்’ என்ற தலைப்பை எடுத்திருக்கிறேன். சுற்றுச்சூழல் கொள்கை, சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 14001 சான்றிதழ், பளபளப்பான ஆண்டறிக்கை எல்லாம் வைத்திருக்கும் கம்பெனிகளிலேயே நடைமுறை வேறாக இருக்கிறதே, ஏன்? பண்பாடு மாறினால்தான் இது மாறுமா? அப்படியானால் பண்பாட்டை எப்படி மாற்றுவது?”

நான் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் பதினெட்டு வருடம் கம்ப்ளையன்ஸ் வேலை, அதாவது விதிகளின்படி நடக்கிறதா என்று சரிபார்க்கும் வேலை பார்த்தவன். வரையறைகள் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும். அதனால் நான் ஒரு ராத்திரியிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு சாயப்பட்டறை. பெயர் வேண்டாம். இரவு ஒன்றரை மணிக்கு எவாப்பரேட்டர், அதாவது கழிவுநீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கும் மெஷின், நின்றுவிட்டது. கழிவுநீர்த் தொட்டி நிரம்ப இன்னும் மூன்று மணி நேரம்தான் இருக்கிறது. மெஷினில் கருநீலம் ஓடிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை கன்டெய்னர் கிளம்பியாக வேண்டும். சூப்பர்வைசர் முதலாளிக்கு போன் போட்டார். அவர் பாதித் தூக்கத்தில் கேட்டுவிட்டு, “சரி, நீ பார்த்துக்கோ” என்று வைத்துவிட்டார்.

அந்தச் சொல்லை இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளலாம். மெஷினை நிறுத்து, சரக்கு தாமதமானால் துணி வாங்கும் வெளிநாட்டு பையரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று எடுத்துக்கொள்ளலாம். பின்பக்க வால்வைத் திறந்து கழிவுநீரை வெளியே விடு, எனக்கு எதுவும் தெரியாது என்றும் எடுத்துக்கொள்ளலாம். எது என்று முதலாளி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. போன தடவை மெஷினை நிறுத்தியவருக்கு என்ன நேர்ந்தது என்று சூப்பர்வைசர் கண்ணால் பார்த்திருக்கிறார். வால்வு திறந்தது. மழை பெய்துகொண்டிருந்ததால் வெளியே யாருக்கும் தெரியவில்லை. ஆறு மாதம் கழித்து, வேலையை விட்ட பிறகு, அந்த சூப்பர்வைசரே என்னிடம் சொன்னதால்தான் எனக்கும் தெரியும். அந்தப் பட்டறையின் வாசலில் சுற்றுச்சூழல் கொள்கை கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது, தமிழிலும் ஆங்கிலத்திலும். அந்த ஷிப்டில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் ஒடிசா, பீகார் பையன்கள்.

ஒரு கட்டடத்துக்குள் ‘பார்த்துக்கோ’ என்று சொன்னால் என்னவென்று புரிந்துகொள்ளப்படுகிறதோ, அதைத்தான் நான் நிறுவனப் பண்பாடு என்கிறேன்.

எட்கர் ஷைன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதையே மூன்று அடுக்காகப் பிரித்தார். மேலே, கண்ணுக்குத் தெரிபவை: கட்டடம், சீருடை, சுவரில் தொங்கும் கண்ணாடிச் சட்டம். நடுவில், வாயால் சொல்லும் கொள்கைகள். அடியில், யாரும் வாய்விட்டுச் சொல்லாத, கேட்டாலும் ‘அது அப்படித்தானே’ என்பதற்கு மேல் பதில் வராத நம்பிக்கைகள். நெருக்கடியில் முடிவுகள் வருவது இந்த மூன்றாவது அடுக்கிலிருந்து. ஆடிட்டர் வந்து பார்ப்பது முதல் இரண்டை. உங்கள் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே வந்துவிட்டது.

மீதிப் பாதி, நீடித்த வளர்ச்சி என்ற சமாச்சாரத்தின் குணத்திலேயே இருக்கிறது. 1987-இல் ஐ.நா.வின் பிரண்ட்லாண்ட் ஆணையம் சொன்ன விளக்கம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும்: வருங்காலத் தலைமுறையின் தேவையில் கை வைக்காமல் இன்றைய தேவையை நிறைவு செய்வது. நல்ல விளக்கம்தான். அதைத் தொழிற்சாலைத் தளத்துக்கு இறக்கிப் பாருங்கள். செலவு இன்றைக்கு, என் கையிலிருந்து போகிறது. பலன் பத்து வருடம் கழித்து, ஆற்றில் பல மைல் கீழே இருக்கும் ஒரு விவசாயிக்குப் போகிறது. தையலில் தப்பு செய்தால் சரக்கு திரும்பி வரும், வலி அடுத்த மாதமே தெரிந்துவிடும். வால்வைத் திறந்தால் எனக்கு எந்த வலியும் இல்லை. வலி வராத இடத்தில் கையைக் கட்டுவதற்குப் பழக்கம் ஒன்றுதான் இருக்கிறது. ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு அதிகாரியை உட்கார வைக்க எந்த அரசாலும் முடியாது.

சரி, பண்பாடு மாறினால்தான் மாறுமா? இங்கேதான் நான் மேலாண்மைப் பேச்சாளர்களோடு ஒத்துப்போவதில்லை. ‘முதலில் மனநிலையை மாற்றுங்கள், செயல் தானாக மாறும்’ என்பார்கள். திருப்பூரில் நான் பார்த்தது தலைகீழ். நொய்யல் ஆற்றின் கதை தெரிந்தவர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலைப்பக்கம் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர் நிறம் என்றால் லிட்டருக்கு 60 முதல் 100 கிராம் வரை போடுவார்கள். கணக்குப் போட்டால் ஒரு கிலோ துணிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு. இந்த உப்பு துணியில் தங்காது. சாயத்தை நூலுக்குள் தள்ளிவிட்டு, தான் முழுசாகக் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். 1990-களின் கடைசியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். அவை நிறத்தை எடுத்தன. தண்ணீர் தெளிவாக வந்தது, எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் உப்பு அப்படியே ஆற்றுக்குப் போனது. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு. போனது அதற்குப் பல மடங்கு மேலே.

1992-இல் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காக ஒரு அணை வந்தது. சில வருடங்களிலேயே அது சாயக் கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. அணையைத் திறந்துவிடாதீர்கள் என்று கீழ்ப்பகுதி விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. கடைசியில் ஆயக்கட்டுதாரர்கள் (அந்தப் பாசன நிலத்துக்காரர்கள்) சங்கம் வழக்குப் போட்டது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்று கெடு வைத்து, அதுவரைக்கும் அபராதம் கட்டச் சொன்னது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கெடு போனது, அடுத்த கெடுவும் போனது. 2011 ஜனவரி 28-ஆம் தேதி எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். ஊரே நின்றுபோனது.

அதற்கு முன்னால் இருந்த பண்பாடு மோசமான பண்பாடா? அப்படிச் சொல்ல எனக்கு மனசு வராது. நேற்று வரை பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தவர் நான்கு மெஷின் போட்டு முதலாளியாகும் ஊர் இது. தொழிலாளியின் மகள் கல்யாணத்துக்கு முன்பணம் கொடுப்பார்கள், வாய்வார்த்தையிலேயே லட்சக்கணக்கில் ஜாப் ஒர்க் நடக்கும், பக்கத்து யூனிட்டில் நூல் தீர்ந்துவிட்டால் தன் நூலைத் தூக்கிக் கொடுப்பார்கள். மேலாண்மைப் புத்தகங்கள் ‘வலுவான பண்பாடு’ என்று புகழும் அத்தனையும் இங்கே இருந்தது. ஆனால் அந்த உறவு வட்டத்துக்குள் கரூர் விவசாயி இல்லை. ஒரு நிறுவனத்தின் பண்பாடு எவ்வளவு வலுவானது என்று கேள்வித்தாள் தயாரிப்பவர்கள், அந்த வட்டம் யாரோடு முடிகிறது என்று கேட்பதே இல்லை.

அப்புறம் அந்த முதலாளிகள் போட்ட கணக்கும் முட்டாள்தனமான கணக்கு இல்லை. நான் மட்டும் சுத்திகரித்தால் கிலோவுக்கு இத்தனை ரூபாய் கூடும், ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போகும், அவன் விடுகிற கழிவில் ஆறு எப்படியும் சாகும். ஒருவர் நல்லவராக இருந்து பயனில்லாத நிலைமை. அந்த நிலைமையில் பயிலரங்கம் நடத்திப் ‘பண்பாட்டை’ மாற்றியிருக்க முடியும் என்று நான் நம்பவில்லை. அப்படிப்பட்ட பயிலரங்குகள் நடந்தன. சாப்பாடு நன்றாக இருந்தது.

மூடல் உத்தரவு அந்தக் கணக்கை உடைத்தது. எல்லோருக்கும் ஒரே நாளில், ஒரே நிபந்தனை. தமிழக அரசு பொது நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. உயிரியல் சுத்திகரிப்பு, அதன் பிறகு ஆர்.ஓ. (மெம்பிரேன் என்ற நுண்சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் முறை), ஆர்.ஓ. ஒதுக்கிய உப்புநீரைச் செறிவாக்கித் திரும்பச் சாயத் தொட்டிக்கே கொண்டுவரும் முறை என்று ஒவ்வொன்றாக வந்தது. தண்ணீரில் பெரும்பகுதியும் உப்பும் பட்டறைக்கே திரும்பின. மின்சாரம் தின்னும் தொழில்நுட்பம்தான், செலவும் கண்ணைக் கட்டும். ஆனாலும் ஓடியது.

நான் கவனித்தது அந்தக் குழாயைத்தான். பொது நிலையத்தில் பட்டறைகள் பங்குதாரர்கள். ஒவ்வொரு பட்டறையிலிருந்தும் குழாய் போகிறது, மீட்டர் இருக்கிறது, ஒவ்வொருவருக்கும் அளவு இருக்கிறது. ஒருவர் கண்டதையும் கலந்து விட்டால் பொது மெம்பிரேன் அடைத்துக்கொள்ளும், மாற்றும் செலவு எல்லோர் தலையிலும் விழும், நிலையம் நின்றால் எல்லோர் மெஷினும் நிற்கும். முன்பு பக்கத்துப் பட்டறைக்காரர் என்ன விடுகிறார் என்பது எனக்குத் தேவையில்லாத விஷயம். இப்போது அது என் வயிற்றுப் பிரச்சினை. அதே பழைய உறவுப் பண்பாடு, அதே ஆட்கள். டீக்கடையில் “உங்க தண்ணி நேத்து ஏன் அப்படி வந்துச்சு?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வாரியத்து அதிகாரி கேட்டால் ஒரு பதில் இருக்கும். பங்காளி கேட்டால் என்ன பதில் சொல்வது?

2011-க்குப் பிறகு தொழிலுக்கு வந்த சூப்பர்வைசர் பையன் ஒருவனிடம் பழைய கதையைச் சொன்னபோது, “அதெப்படிங்க, சும்மா வெளிய விட்ருவாங்களா?” என்று கேட்டான். நடிப்பு இல்லை, நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை. ஷைன் சொன்ன மூன்றாவது அடுக்கு அவனிடம் வேறாக இருக்கிறது. அவனுக்கு யாரும் மதிப்பீடுகளைப் போதிக்கவில்லை. அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தண்ணீர் போகும் வழி அந்தக் குழாய் ஒன்றுதான்.

இதைச் சுபமாக முடிந்த கதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அனுமதியில்லாத பட்டறைகள் பக்கத்து மாவட்டங்களுக்கு நகர்ந்தன. மழைக்காலத்தில் நொய்யலில் இன்றும் நுரை மிதக்கிறது. நான் முதலில் சொன்ன இரவும் 2011-க்குப் பிறகு நடந்ததுதான். சட்டம், குழாய், பழக்கம், பண்பாடு என்ற வரிசையில் பெரும்பாலான இடங்களில் விஷயம் நகர்ந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த இரவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே தொட்டி மூன்று மணி நேரம்தான் தாங்கும். பதினெட்டு மணி நேரம் தாங்கும் தொட்டி கட்டியிருந்தால் சூப்பர்வைசர் போனே போட்டிருக்க மாட்டார். காலையில் மெக்கானிக் வந்திருப்பார். ‘பண்பாட்டுப் பிரச்சினை’ என்று நாம் பெயர் வைப்பதில் பாதி, யாரோ ஒருவர் எப்போதோ சிமென்டிலும் கம்பியிலும் மிச்சம் பிடித்த பிரச்சினை. எதில் மிச்சம் பிடிக்கலாம் என்று முடிவெடுப்பதும் பண்பாடுதான் என்று நீங்கள் சொன்னால், அதை ஒப்புக்கொள்கிறேன்.

பழியை முதலாளியின் தலையிலேயே கட்டிவிடவும் முடியாது. ஒரே பையரிடமிருந்து ஒரே நாளில் இரண்டு மின்னஞ்சல் வரும். ஒன்று அவர்களின் சஸ்டைனபிலிட்டி பிரிவிலிருந்து: தண்ணீர்க் கணக்கு, ரசாயனப் பட்டியல், கூடுதல் நேர வேலைப் பதிவு எல்லாம் அனுப்புங்கள். இன்னொன்று கொள்முதல் பிரிவிலிருந்து: விலையில் நான்கு சென்ட் குறையுங்கள், டெலிவரியைப் பத்து நாள் முன்னால் கொண்டுவாருங்கள். இரண்டையும் எழுதியவர்கள் ஒரே மாடியில் உட்கார்ந்திருப்பார்கள். பையர் அலுவலகத்தில் ‘பார்த்துக்கோ’ என்பதை ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொல்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜெர்மன் கார் நிறுவனமான ஃபோக்ஸ்வாகன் கதையையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். 2000-களின் நடுவில் அமெரிக்கச் சந்தைக்கு டீசல் கார் செய்ய முடிவெடுத்தார்கள். அமெரிக்காவின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு ஐரோப்பாவுடையதைவிடக் கடுமையானது. குறித்த செலவுக்குள், குறித்த நாளுக்குள் அந்த எஞ்சினைச் செய்ய முடியாது என்று பொறியாளர்களுக்கு 2006 வாக்கிலேயே தெரிந்துவிட்டது. முடியாது என்று மேலே போய்ச் சொல்வதைவிட, சோதனை நடப்பதைக் கண்டுபிடித்து அப்போது மட்டும் ஒழுங்காக ஓடும் மென்பொருள் எழுதுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. யோசித்துப் பாருங்கள்: ஒரு சட்டமீறலைத் திட்டம் போட்டுச் செய்வது, மேலதிகாரியிடம் ‘முடியாது’ என்று சொல்வதைவிடப் பாதுகாப்பானதாகத் தோன்றியிருக்கிறது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தினர் கருவியைக் காரிலேயே கட்டிக்கொண்டு சாலையில் ஓட்டி அளந்ததில் கதை வெளியே வந்தது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை நோட்டீஸ் கொடுத்தது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்கள்.

இதில் என்னை அதிகம் உறுத்துவது வேறு ஒரு தேதி. அந்த நோட்டீஸுக்குச் சில நாட்களுக்கு முன், அதே செப்டம்பரில், நீடித்த வளர்ச்சியில் நிறுவனங்களுக்கு மதிப்பெண் போடும் டௌ ஜோன்ஸ் சஸ்டைனபிலிட்டி குறியீடு, உலகக் கார் நிறுவனங்களில் முதலிடம் என்று ஃபோக்ஸ்வாகனை அறிவித்திருந்தது. அக்டோபரில் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். அறிக்கைகளை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் இதுதான் கிடைக்கும். நம் நாட்டில் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி, 2022-23 நிதியாண்டிலிருந்து சந்தை மதிப்பில் முதல் 1000 பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் பி.ஆர்.எஸ்.ஆர். (தொழில் பொறுப்பு, நீடித்த வளர்ச்சி) அறிக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. நல்ல காரியம், எண்களாவது ஒரு இடத்தில் கிடைக்கும். உங்கள் ப்ராஜெக்டுக்கு அதை மட்டும் நம்பாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

நீடித்த வளர்ச்சி என்றால் மரம், தண்ணீர் மட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2013 ஏப்ரல் 23, டாக்காவுக்கு அருகில் ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல் தெரிந்தது. அதே கட்டடத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை மறுநாள் வர வேண்டாம் என்றது. மாடிகளில் இருந்த ஆயத்த ஆடைக் கம்பெனிகள் தங்கள் தொழிலாளர்களை வரச் சொன்னன. 24-ஆம் தேதி காலை கட்டடம் சரிந்தது, 1,134 பேர் இறந்தார்கள். ஒரே விரிசல், ஒரே தகவல். வங்கி ஊழியர் வீட்டில் இருந்தார், தையல்காரப் பெண் மெஷினில் இருந்தார்.

சரி, மாற்றியவர்களைப் பார்ப்போம். பால் ஓ’நீல் 1987-இல் அமெரிக்க அலுமினிய நிறுவனம் அல்கோவாவின் தலைவரானார். முதலீட்டாளர் கூட்டத்தில் லாபத்தைப் பற்றிப் பேசாமல் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். பேச்சு யாரும் பேசலாம். அவர் வைத்த விதியைப் பாருங்கள்: எங்கே யார் அடிபட்டாலும் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பிரிவின் தலைவர் தனக்குத் தகவல் சொல்ல வேண்டும், மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்யப்போகிறோம் என்பதோடு. இந்த விதி நடக்க வேண்டுமென்றால், தளத்தில் நிற்பவர் ஃபோர்மேனிடமும், ஃபோர்மேன் மேலாளரிடமும் பயமில்லாமல் உடனே சொல்லியாக வேண்டும். கெட்ட செய்தி மேலே ஏறுவதற்கு ஒரு வழியை அவர் போட்டுக்கொடுத்துவிட்டார். அதே வழியில் மற்றச் செய்திகளும் ஏறின.

1996-இல் மெக்சிகோவில் இருந்த ஓர் ஆலையில் தொழிலாளர்கள் வாயுவால் பாதிக்கப்பட்டதைப் பிரிவுத் தலைவர் மேலே சொல்லாமல் விட்டார். நிறைய லாபம் தந்த, நெடுநாள் அனுபவமுள்ள மனிதர். ஓ’நீல் அவரை வேலையை விட்டு அனுப்பினார். அல்கோவாவில் ‘பார்த்துக்கோ’ என்றால் என்ன பொருள் என்பது அன்றைக்கு எல்லா நாட்டுக் கிளைக்கும் தெரிந்துவிட்டது. நூறு தொழிலாளருக்கு 1.86 என்று இருந்த வேலைநாள் இழப்பு விகிதம் அவர் போகும்போது 0.2-க்கு வந்திருந்தது.

இன்டர்ஃபேஸ் கதை உங்கள் பாடத்தில் கட்டாயம் வரும். ஜார்ஜியாவில் தரைவிரிப்பு செய்யும் கம்பெனி, பெட்ரோலியத்திலிருந்து வரும் நைலானை நம்பிய தொழில். அதை நிறுவிய ரே ஆண்டர்சன் 1994-இல், தன் அறுபதாவது வயதில், சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசச் சொல்லி ஊழியர்கள் கேட்க, பேச எதுவும் இல்லாமல் ஒரு புத்தகத்தைப் படிக்கப்போய் மனம் மாறினார். 2020-க்குள் சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாத கம்பெனி என்று இலக்கு வைத்தார். எல்லோரும் இந்த மனமாற்றத்தோடு கதையை நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பிடித்தது ஷாங்காய் ஆலையில் நடந்தது. அங்கே பம்பு வேலைக்கு முதலில் போட்ட திட்டத்தின்படி சுமார் 95 குதிரைத்திறன் தேவைப்பட்டது. ஒரு பொறியாளர் இரண்டு காரியம் செய்தார். குழாயைப் பெரிதாக்கினார். மெஷின்களை முதலில் வைத்துவிட்டு அவற்றைச் சுற்றிச் சுற்றிக் குழாய் போடும் வழக்கத்தை விட்டு, முதலில் நேரான குழாயை வரைந்து பிறகு மெஷின்களுக்கு இடம் பார்த்தார். வெறும் 7 குதிரைத்திறன் போதுமானதாக இருந்தது. புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. பெரிய குழாயில் உராய்வு குறையும் என்பது பாலிடெக்னிக் பாடம். எல்லோரும் தெரிந்துவைத்திருப்பதைச் செய்துபார்க்க அங்கே ஒருவருக்கு அனுமதி இருந்தது.

ஆண்டர்சன் 2011-இல் இறந்தார். அதன் பிறகும் திட்டம் ஓடி, 2019-இல் இலக்கை எட்டிவிட்டதாகக் கம்பெனி அறிவித்தது. (கார்பன் கணக்கில், வேறு இடத்தில் குறைத்ததற்குப் பணம் கொடுத்து வாங்கிய ஈட்டுகளும் உண்டு, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.) தலைவர் போன பிறகும் எட்டு வருடம் ஓடியதால், இதைத் தனிமனித ஆர்வம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அதே கம்பெனிக்கு, 2015, 2016-இல் சில காலாண்டுகளில் லாபக் கணக்கை எதிர்பார்ப்புக்குத் தக்கபடி சரிக்கட்டியதாக, அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2020-இல் 50 லட்சம் டாலர் அபராதம் போட்டது. ஆக, தொழிற்சாலைத் தளத்தில் ஒரு பண்பாடும், கணக்குப் பிரிவில் இன்னொன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். ‘இந்தக் கம்பெனியின் பண்பாடு இது’ என்று ஒருமையில் எழுதும் ஆய்வுகளை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

மேலே இருப்பவர் மாற்றாமல், கீழே இருப்பவர்கள் மாற்றியதற்கும் உதாரணம் இருக்கிறது, நம் பக்கத்திலேயே. 2022-இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம். தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் என்ற, பெண்கள் தலைமையேற்ற தொழிற்சங்கம், ஆடை ஆலைகளில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் விஷயத்தில் உற்பத்தியாளரோடும் வெளிநாட்டு பிராண்டுகளோடும் போட்டது. அதில் முக்கியமானது, தையல் லைனில் வேலை செய்யும் பெண்களையே பயிற்சி கொடுத்துக் கண்காணிப்பாளர்களாக வைத்தது. புகார் சொன்னவரைப் பழிவாங்கினால் ஆர்டர் பாதிக்கும் என்று பிராண்டையும் கட்டிப்போட்டது. புகார்ப் பெட்டி எல்லாக் கம்பெனியிலும் உண்டு. சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள், பெரும்பாலும் யாரைப் பற்றிப் புகார் வருமோ அவரிடமே இருக்கும்.

இனி, உங்கள் மூன்றாவது கேள்வி. எப்படி மாற்றுவது என்பதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை. ஒரு கம்பெனியில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டால் நான் முதலில் சம்பளப் பிரிவுக்குப் போவேன். சூப்பர்வைசரின் ஊக்கத்தொகை எதன் மேல் கணக்கிடப்படுகிறது? கிலோவின் மேல் மட்டும் என்றால், நீங்கள் கொள்கையை வெண்கலத்தில் பொறித்து வைத்தாலும் அவர் கிலோவைத்தான் பார்ப்பார். அதை மாற்ற முடியாது என்று நிர்வாகம் சொன்னால், மற்றதைப் பற்றிப் பேசுவது எல்லோருக்கும் நேர விரயம். அடுத்து, மெஷினை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று எழுத்தில் கேட்பேன், கடைசியாக எப்போது நிறுத்தினீர்கள் என்றும் கேட்பேன். ‘எங்களிடம் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம்’ என்பார்கள். கடந்த இரண்டு வருடத்தில் யாரும் நிறுத்தியதே இல்லை என்றால், அந்த அதிகாரம் சுவரில் மட்டும் இருக்கிறது. நிறுத்தியவர் ஒருவர் இருந்தால் அவர் இப்போது எங்கே வேலை பார்க்கிறார் என்று தேடிப்போய்ப் பேசுங்கள். உங்கள் ப்ராஜெக்டில் அந்த ஒரு பேட்டி, ஐந்து புள்ளி அளவுகோலில் முந்நூறு பேர் டிக் அடித்த வினாத்தாளைவிட அதிகம் சொல்லும்.

ஆண்டர்சனைப் போன்ற முதலாளி எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார், நீதிமன்றமும் எல்லா ஆற்றுக்கும் வராது. நடுவில் இருப்பது இந்த மாதிரி சின்ன ஏற்பாடுகள்தான்: பெரிய தொட்டி, மீட்டர், பங்காளியின் கண், ஊக்கத்தொகைக் கணக்கு, வேலையாட்களின் மொழியில் பலகை.

கடைசியாக, களத்துக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தின் லாக் புக்கைக் கேளுங்கள், அதிலும் இரவு ஷிப்ட் பக்கங்களை. நிஜமாக எழுதப்படும் லாக் புக் அழுக்காக இருக்கும். எண்ணெய் விரல் பதிந்திருக்கும், மூன்று ஷிப்டுக்கு மூன்று பேனா, மூன்று கையெழுத்து இருக்கும், ஓரத்தில் ‘கரண்ட் இல்லை, 2.10 முதல் 2.45’ என்று கோணலாக எழுதியிருக்கும். நான் முதலில் சொன்ன பட்டறையில், சூப்பர்வைசர் என்னிடம் உண்மையைச் சொன்ன பிறகு, அந்த இரவின் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அதற்கு முன் ஆடிட்டில் நானே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பக்கம் அது. ஒரே நீல மை, ஒரே கை. ஒன்றரை மணிக்கு நின்றுபோன எவாப்பரேட்டர் விடிய விடிய மணிக்கு ஒரே அளவில் ஓடியிருந்தது.